அலை எத்தனை மீட்டர் என்று அளப்பது யார்? கடல் மிதவைகளின் வேலை

காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். அலைகள் 3.5 மீட்டர் வரை எழலாம். சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் (மெட்மலேசியா) இத்தகைய எச்சரிக்கைகள் வானொலியிலும் கைப்பேசியிலும் அடிக்கடி வரும். கிளந்தான், திரங்கானு மீனவர்களுக்கு அது அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கும் செய்தி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் காதில் விழுந்து மறையும் செய்தி.

ஆனால் கரையே தெரியாத நடுக்கடலில் அலையின் உயரத்தை அளந்தது யார்? அங்கே கோல் நட்டுப் பார்க்க முடியாது. ஆள் நிற்கவும் இடமில்லை. அந்த வேலையைச் செய்ய உலகக் கடல்களில் நிறுத்தப்பட்டிருக்கும் கருவிதான் வானிலை மிதவை.

கடல் அளவு நமக்கு எதற்கு?

தாமான் ஸ்ரீ மூடா மக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலாமின் அந்தக் குடியிருப்பில் நீர் கூரை வரை ஏறியது. இரவெல்லாம் மாடியிலும் கூரையிலும் காத்திருந்த குடும்பங்களில் நம்மவர்களும் ஏராளம். அந்த மழையின் தொடக்கம் சிலாங்கூரில் இல்லை. தென்சீனக் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் டிசம்பர் 16ஆம் தேதி குவாந்தான் அருகே கரையேறி, தீபகற்பத்தைக் கடந்து மேற்கே வந்தது. அது கொண்டுவந்த ஈரம்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்தது. பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் கடலும் ஏறியிருந்தது. ஆறு கடலில் கலக்க வேண்டிய நேரத்தில் கடல் எதிர்த்து நின்றது.

2025 நவம்பர் இறுதியில் இன்னும் நெருக்கமாக ஒன்று நடந்தது. 'சென்யார்' புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்ராவில் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

நிலத்தில் பெய்யும் மழையின் விதை பெரும்பாலும் கடலில்தான் விழுகிறது. அங்கே காற்றழுத்தம் இறங்குகிறதா, நீர் சூடேறுகிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது ஓரிரு நாள் முன்னே தெரிந்தால், நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஓரிரு நாள் கிடைக்கும்.

கப்பல்கள் செய்த வேலை

மிதவைகள் வருவதற்கு முன் கடல் வானிலையைச் சொன்னவை கப்பல்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பலேறி, பினாங்கிலும் அன்றைய போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கிய தலைமுறைக்கு வங்கக் கடலின் குணம் நன்றாகவே தெரியும். அந்தக் காலத்துக் கப்பல் அதிகாரிகள் கடலின் முகத்தைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணித்தார்கள். நுரை எப்படித் தெறிக்கிறது, அலையின் முகடு எப்படி உடைகிறது என்பதை வைத்து 0 முதல் 12 வரை எண் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோல் அது. கடல்நீரின் வெப்பத்தை அறிய, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, நீரை மொண்டு, அதில் வெப்பமானியை வைப்பார்கள்.

இன்றும் ஆயிரக்கணக்கான வணிகக் கப்பல்கள் தாமாக முன்வந்து வானிலைத் தகவல் அனுப்புகின்றன. ஆனால் கப்பலிடம் ஒரு குறை உண்டு. புயல் வருகிறது என்று தெரிந்தால் எந்தக் கேப்டனும் அதை நோக்கிப் போகமாட்டார்; விலகித்தான் போவார். ஆகவே தகவல் மிகவும் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் கப்பல் இருக்காது.

தப்பித் தவறி இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜொகூரே சாட்சி. 2001 டிசம்பர் 27ஆம் தேதி 'வாமெய்' என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்கில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே கரையேறியது. அதன் மையத்தருகே தற்செயலாக அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் இருந்தன. அவற்றின் கருவிகள் பதிவு செய்த காற்று வேகத்தை வைத்தே அது முழுப் புயலாக வளர்ந்திருந்தது தெரியவந்தது. அக்கப்பல்கள் அங்கே இல்லாதிருந்தால் அது ஏதோ ஒரு பெருமழை என்று கணக்கில் போயிருக்கவும் கூடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வல்லரசு நாடுகள் அட்லாண்டிக் கடலில் தனியாக வானிலைக் கப்பல்களையே நிறுத்தி வைத்தன. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கப்பல்களில் எண்ணெய்ச் செலவும் ஆள் செலவும் தாங்கவில்லை. ஆளில்லாமல் அதே வேலையைச் செய்யும் மிதவைகளை அமெரிக்கக் கடற்படை 1950களின் தொடக்கத்திலிருந்து சோதித்து வந்தது. மிதவைகள் பெருகப் பெருக வானிலைக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன.

சிவப்பும் பச்சையும் வேறு, மஞ்சள் வேறு

போர்ட் கிள்ளானிலிருந்து புலாவ் கெத்தாம் படகில் போனவர்கள் வழியில் சிவப்பு, பச்சை மிதவைகளைப் பார்த்திருப்பார்கள். அவை வானிலை மிதவைகள் அல்ல. கப்பலுக்கான சாலைக் குறிகள். மலேசியா பின்பற்றும் முறைப்படி, துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்க வேண்டும்.

தகவல் சேகரிக்கும் மிதவைக்கு மஞ்சள் நிறம். இரவில் அதன் விளக்கும் மஞ்சளாகவே மின்னும்: 20 விநாடிக்கு ஒருமுறை, வரிசையாக ஐந்து மின்னல். உலகெங்கும் இதே அடையாளம்தான்.

ஒரு பெரிய வானிலை மிதவையின் அடிப்பாகம் இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள தட்டு போல இருக்கும். அதன்மேல் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி, சற்றுக் கீழே காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளப்பவை, உள்ளே காற்றழுத்தமானி. நீருக்கடியில் கடல்நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அளப்பவை. சுற்றிலும் சூரியத் தகடுகள். அவை மின்கலங்களுக்குச் சக்தி ஏற்றும். எல்லாவற்றையும் சேகரித்துச் சுருக்கி, குறித்த இடைவெளியில் செயற்கைக்கோளுக்கு அனுப்ப ஒரு சிறு கணினி.

மிதவை ஓடிவிடாமல் இருக்க, கடலடியில் டன் கணக்கில் எடையுள்ள நங்கூரம் போடப்படும். சங்கிலியும் கயிறும் அதை மிதவையோடு இணைக்கும். கயிற்றின் நீளம் கடலின் ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சரியாக ஆழத்தின் அளவுக்கே கயிறு கட்டினால் பெரிய அலை வரும்போது மிதவை மேலே எழ முடியாமல் தண்ணீருக்குள் இழுபடும், அல்லது கயிறு அறுந்துவிடும். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் இப்படி ஒன்றை நிறுத்துவது சிறிய காரியமில்லை. அதற்கென்று ஆய்வுக் கப்பல் போக வேண்டும். நல்ல கடல் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

காற்றை அளப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மிதவையின் கம்பம் மூன்று நான்கு மீட்டர் உயரம்தான். கடல்மட்டத்தை ஒட்டிக் காற்று உரசலால் மந்தமாக வீசும். மேலே போகப் போக வேகம் கூடும். உலக வழக்கில் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கே சொல்லப்படுவதால், மிதவையில் கிடைத்த எண்ணைத் திருத்திக் கூட்டிக்கொள்வார்கள். ஒரு விநாடி வீசிய காற்றை அப்படியே எடுப்பதுமில்லை. பல நிமிடங்களின் சராசரியைக் காற்று வேகமாகவும், அதற்குள் வந்த உச்சத்தை வீச்சாகவும் தனித்தனியே பதிவு செய்வார்கள்.

காற்றழுத்தத்தில் நமது வெப்ப மண்டலத்துக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணிவாக்கிலும் இரவு 10 மணிவாக்கிலும் உச்சம். விடியற்காலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு. சூரிய வெப்பத்தால் வளிமண்டலமே மூச்சு விடுவது போன்ற இயல்பான ஏற்ற இறக்கம் இது. மாலையில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்துப் புயல் என்று பதறக்கூடாது. நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வானிலை அதிகாரிகள் முடிவுக்கு வருவார்கள்.

அலையை அளக்கும் விதம்

மிதவை செய்யும் வேலைகளிலேயே நுட்பமானது இதுதான். மின்தூக்கியில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டாலும், அது மேலே கிளம்பும் கணத்தில் உடல் கனப்பதும், இறங்கத் தொடங்கும்போது வயிறு லேசாவதும் தெரியும். மிதவைக்குள் இருக்கும் முடுக்கமானி செய்வதும் அதே வேலை. அலை தூக்கும்போதும் இறக்கும்போதும் ஏற்படும் முடுக்கத்தை ஒரு விநாடிக்குப் பலமுறை அது குறித்துக்கொள்ளும். முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து மிதவை எவ்வளவு தூரம் மேலே போய்க் கீழே வந்தது என்பதையும் கணினி கணக்கிடும். கடலில் நிலையான எதையும் பிடித்துக்கொள்ளாமலே அலையின் உயரம் கிடைத்துவிடுகிறது. புதிய சிறு மிதவைகள் சில, முடுக்கமானிக்குப் பதிலாக ஜி.பி.எஸ். கொண்டு அதே அசைவைப் பின்தொடர்கின்றன.

கடலில் ஒரே உயரத்தில் அலைகள் வருவதில்லை. சிறிதும் பெரிதும் கலந்து வரும். ஆகவே ஏறத்தாழ 20 நிமிடம் அளந்து, வந்த அலைகளை உயரவாரியாக வரிசைப்படுத்தி, அவற்றில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி காண்பார்கள். அதற்குப் பெயர் குறிப்பிடத்தக்க அலை உயரம். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கடற்கரையில் இறக்குவதற்கு ஏற்ற நாளைக் கணிக்க, ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடல் அறிவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. அனுபவப்பட்ட மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்தோடு இந்தச் சராசரி ஒத்துப்போவதால் அதுவே நிலைத்துவிட்டது.

இதில் படகோட்டிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வானிலை அறிவிப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அலை உயரம் இந்தச் சராசரிதான். உச்ச அளவு அல்ல. நீண்ட நேரம் கடலில் இருந்தால் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயர அலை ஒன்றைச் சந்திக்க வாய்ப்புண்டு. இரண்டு மீட்டர் என்று கேட்டுவிட்டுக் கிளம்பியவர் நான்கு மீட்டர் அலையைப் பார்த்தால், அறிவிப்பு பொய்த்தது என்று அர்த்தமில்லை.

உயரத்தோடு அலையின் கால இடைவெளியையும் மிதவை சொல்லும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி? உள்ளூர்க் காற்றால் எழுந்த அலை என்றால் நான்கைந்து விநாடிக்கு ஒன்று வந்து மோதும். வெகுதொலைவில், பெரும்புயலால் எழுந்த அலைகள் பதினைந்து விநாடிக்கும் மேலான இடைவெளியில் நிதானமாக உருண்டு வரும். பதினெட்டு விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். அது கிளம்பிய இடத்தில் அடித்த காற்று ஓய்ந்துபோன பிறகும், ஒரு வாரம் கழித்து, காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் ஒரு கடற்கரையில் வந்து ஏறும்.

கேரளக் கரையிலும் கன்னியாகுமரியிலும் மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கள்ளக்கடல். திருடன் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் இச்சொல்லையே அறிவியல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் தென்கடலிலிருந்து கிளம்பிய இத்தகைய அலைகள் வந்துகொண்டிருப்பதாக இந்தியாவின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்தது. இருந்தும் மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். வானம் தெளிவாக இருக்கும்போது கடலை யார்தான் சந்தேகிப்பார்கள்?

மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் கள்ளக்கடல் பயம் இல்லை. சுமத்ரா தீவு ஒரு பெரும் மதில் போல் குறுக்கே நின்று இந்தியப் பெருங்கடலின் நெடும் அலைகளைத் தடுத்துவிடுகிறது. நீரிணை குறுகலானது என்பதால் காற்று ஓடி அலையை வளர்க்கவும் நீண்ட வெளி கிடைப்பதில்லை. இங்கே ஆபத்து வேறு வகையில் வருகிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் நீரிணையின் மேல் திரளும் இடிமேக வரிசை, விடியற்காலையில் சிலாங்கூர் கரையைத் தாக்கும். அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர். காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கோலாலம்பூரில் திடீரென இருட்டிக் கொட்டும் மழைக்கு அதுவே பல நாள்களில் காரணம். நகரத்தில் குடையோடு போகும் அந்த நேரம், சம்பானில் இருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை.

சுனாமியைக் கேட்கும் காது

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, மலேசிய நேரப்படி 9 மணிக்குச் சற்று முன்பு, சுமத்ராவின் வடமுனை அருகே கடலடியில் நிலம் பிளந்தது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடுக்குமாடியில் இருந்தவர்கள் அதிர்வை உணர்ந்தார்கள். பினாங்கு, கெடா கரைகளை அலை தொட்டது நண்பகலுக்குப் பிறகு. இடையில் இருந்தது மணிக்கணக்கான நேரம். ஆனால் கடலில் என்ன வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஒரு கருவியும் இல்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

மேலே சொன்ன அலை மிதவைகள் அன்று அங்கே இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். அது ஏறி இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு மெதுவான அசைவை முடுக்கமானியால் உணர முடியாது. மேலே மிதக்கும் படகுக்கும் தெரியாது. அதே சமயம், 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், விமானம் போல், ஓடிக்கொண்டிருக்கும்.

அதைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. கடல்தரையில் ஓர் அழுத்தமானியை வைப்பார்கள். தனக்கு மேலே நிற்கும் மொத்த நீரின் எடையையும் அது அளந்துகொண்டே இருக்கும். சுனாமி கடக்கும்போது மேலே நீர் சில சென்டிமீட்டர் கூடினாலும் எடை மாறும். நான்காயிரம் மீட்டர் நீரில் ஒரு சென்டிமீட்டர் மாற்றம் என்பது நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதையும் அது கண்டுபிடித்துவிடும். ரேடியோ அலை நீருக்குள் வெகுதூரம் போகாது என்பதால், தரையில் உள்ள கருவி ஒலியாகத் தகவலை மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டுச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அமெரிக்கா உருவாக்கிய இந்த முறைக்கு 'டார்ட்' என்று பெயர். 2006 டிசம்பரில் தாய்லாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து புக்கெட்டுக்கு மேற்கே, இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் இடையிலான கடலில் இப்படி ஒன்றை நிறுத்தின.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. தேசிய சுனாமி முன்னெச்சரிக்கை முறையை மெட்மலேசியா அமைத்தபோது, சுமத்ராவுக்கு வடக்கே ரொண்டோ தீவு அருகிலும், தென்சீனக் கடலில் லாயாங்-லாயாங் தீவு அருகிலும் ஆழ்கடல் மிதவைகள் போடப்பட்டன. கரையோரங்களில் அபாயச் சங்குகளும் நிறுவப்பட்டன.

போடுவது எளிது, காப்பது கடினம்

இந்தோனேசியாவின் அனுபவம் இதில் கசப்பானது. 2004க்குப் பிறகு அந்நாடு வெளிநாட்டு உதவியோடு மிதவைகளை நிறுவியது. 2018 செப்டம்பர் 28ஆம் தேதி பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, நாட்டின் 22 மிதவைகளும் 2012 முதலே இயங்கவில்லை என்று அந்நாட்டுப் பேரிடர் அமைப்பே அறிவித்தது. சேதப்படுத்தலும் பராமரிப்புக்குப் பணமில்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பாலுவில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டதால் மிதவை இருந்தும் அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்பது தனிக் கேள்வி. ஆனால் 22 மிதவைகள் ஆறு ஆண்டு ஊமையாக இருந்தன என்பது சாதாரண விஷயமல்ல.

மிதவைக்கு எதிரிகள் பலர். உப்பு, வெயில், பாசி, அடியில் ஒட்டி வளரும் சிப்பிகள், தகட்டின்மேல் எச்சமிடும் பறவைகள். இவற்றையெல்லாம் ஆண்டுக்கொருமுறை கப்பலோடு போய்ச் சுத்தம் செய்துவிடலாம். மனிதன் செய்வதைச் சமாளிப்பதுதான் கடினம்.

கிழக்குக் கரை மீனவர்கள் தென்னை ஓலையைக் கட்டிக் கடலில் இறக்கும் 'உன்ஜாம்' நமக்குத் தெரிந்ததே. நிழல் தேடிச் சிறுமீன் வரும். அதைத் தேடிப் பெருமீன் வரும். நங்கூரமிட்ட வானிலை மிதவையும் மீனுக்கு ஓர் உன்ஜாம்தான். மீன் கூடும் இடத்துக்கு மீனவர் வருவது இயற்கை. வலையோ தூண்டில் கயிறோ மிதவையின் கயிற்றில் சிக்கும். படகை அதிலேயே கட்டுவார்கள். சிக்கியதை அறுத்துவிடும்போது மிதவையும் அறுந்து போகும். சூரியத் தகட்டுக்கும் மின்கலத்துக்கும் ஆசைப்பட்டுத் திருடுபவர்களும் உண்டு. இது இந்தியப் பெருங்கடல் முழுவதும் உள்ள தொல்லை. தன் கடலில் தன்னைக் கேட்காமல் யாரோ வைத்த பொருள் என்று மீனவர் நினைக்கும் வரை இது தீராது. அந்த மிதவைதான் தனக்குப் புயல் செய்தி சொல்கிறது என்று தெரிந்த இடங்களில் நிலைமை மாறலாம்.

வங்கக் கடலைப் பார்த்துக்கொள்ளும் சென்னை

நமக்கு அருகில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவரும் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், நார்வே நாட்டின் ஒத்துழைப்போடு 1990களின் பிற்பாதியில் மிதவைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அதன் மிதவைகள் நிற்கின்றன. அவற்றில் ஒருவகை, மேலே வானிலையை அளப்பதோடு, 500 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் புயல் அதைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்து தானே தளர்ந்துவிடும். ஆழம் வரை சூடு இருந்தால் அது வலுப்பெறும். இந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோளால் மேலிருந்து பார்க்க முடியாது.

கரைக்கு அருகில் புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற இடங்களில் அலையை மட்டும் அளக்கும் உருண்டை மிதவைகளை ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையம் வைத்திருக்கிறது. ஒரு மீட்டர்கூட அகலமில்லாத பந்துகள் அவை.

மிதவை எல்லாமே கட்டிப்போட்டவையும் அல்ல. நீரோட்டத்தோடு மிதந்து போகவே விடப்பட்ட சிறு மிதவைகள் உலகக் கடல்களில் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. பதினைந்து மீட்டர் ஆழத்தில் துணியாலான ஒரு நீள்பையைத் தொங்கவிட்டிருப்பதால் காற்று தள்ளும் பக்கம் போகாமல் நீர் இழுக்கும் பக்கம் போகும். இன்னொரு வகை, 'ஆர்கோ' எனப்படும் உருளை. அது 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கொருமுறை 2,000 மீட்டர் வரை மூழ்கி, அளந்துகொண்டே மேலெழுந்து, தகவல் அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். சுமார் 4,000 உருளைகள் இப்படி உழைக்கின்றன.

இவற்றால் நமக்குக் கிடைத்த பெரிய பலன் எல் நினோவை முன்கூட்டி அறிவது. 1982-83இல் வந்த கடுமையான எல் நினோவை உலகம் முன்கூட்டி அறியவே இல்லை. மெக்சிகோவில் வெடித்த எரிமலையின் தூசு அந்நேரம் செயற்கைக்கோள்களை ஏமாற்றிவிட்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் ஏறத்தாழ 70 மிதவைகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. 1994இல் அப்பணி முடிந்தது. 1997இல் அடுத்த பெரிய எல் நினோ வந்தபோது அதன் ஒவ்வொரு அடியும் பதிவானது. சுமத்ரா, களிமந்தான் காடுகள் எரிந்து கிள்ளான் பள்ளத்தாக்கே புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய ஆண்டு அது.

மலாக்கா நீரிணையில் என்ன இருக்கிறது?

உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்றான நீரிணையில் நினைத்த இடத்தில் மிதவையை நிறுத்த முடியாது. ஆகவே மெட்மலேசியா பல வாயில்களிலிருந்து தகவல் பெறுகிறது: கரையோர நிலையங்கள், தீவுகள், கப்பல்கள், தென்சீனக் கடலின் எண்ணெய் மேடைகள், ராடார், செயற்கைக்கோள். வெளிநாட்டு மிதவைகளின் அளவுகளும் உலக வானிலை அமைப்பின் தொடர்பு வலை வழியாக வந்து சேரும். இந்த எண்களையெல்லாம் கணினி மாதிரிக்குள் செலுத்தித்தான் முன்கணிப்பு தயாராகிறது. செயற்கைக்கோளே அலை உயரத்தைச் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் அலை அளக்கும் செயற்கைக்கோள் தன் பாதையில் அதே இடத்துக்குத் திரும்பிவரப் பத்து நாள்கூட ஆகும். அது சொல்வது சரியா என்று சோதிக்கவும் மிதவையின் எண்தான் தேவை.

கடல்மட்டத்துக்கு மட்டும் மிதவை தேவையில்லை. கரையிலேயே கருவி உண்டு. போர்ட் கிள்ளானில் நில அளவைத் துறை வைத்திருக்கும் நீர்மட்ட அளவி அதில் சிறப்புடையது. 1984 முதல் 1993 வரை பத்து ஆண்டுகள் அங்கே அளந்த சராசரிக் கடல்மட்டம்தான் தீபகற்ப மலேசியாவின் உயரக் கணக்குக்குப் பூஜ்யம். கேமரன் மலையின் உயரமானாலும் பிரிக்பீல்ட்ஸ் சாலையின் உயரமானாலும் எண்ணத் தொடங்குவது கிள்ளான் கடலிலிருந்துதான். கடல் பெருக்கு அட்டவணையைத் தயாரித்து வெளியிடும் கடற்படையின் தேசிய நீர்ப்பரப்பு அளவை மையமும் புலாவ் இண்டாவிலேயே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கின்போது காப்பார், கேரித் தீவுக் கரைகளில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையை.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

மெட்மலேசியாவின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை மூன்று நிலைகள் கொண்டது. முதல் நிலையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ., அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுகளும் கடல் விளையாட்டும் தவிர்க்கப்பட வேண்டும். இரண்டாம் நிலையில் 50 முதல் 60 கி.மீ., 4.5 மீட்டர் வரை. மீன்பிடிப்பும் படகுச் சேவையும்கூட ஆபத்து. அதற்கு மேல் மூன்றாம் நிலை; எண்ணெய் மேடைத் தொழிலாளர்கள்வரை அனைவருக்கும். 'மைசுவாச்சா' செயலியிலும் துறையின் இணையத்தளத்திலும் இவை கிடைக்கும். தோட்டத்திலிருந்து வாடகைப் பேருந்தில் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகும் குழுவினரும், அஸ்தி கரைக்கப் படகில் செல்லும் குடும்பத்தினரும் கிளம்பும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிடலாம். அதில் மணிநேர இடியுடன் கூடிய மழை எச்சரிக்கை தனியாக இருக்கும். நீரிணைப் பக்கம் போகிறவர்களுக்கு அதுவே முக்கியம்.

கயிறு அறுந்த மிதவைகள் சில நேரங்களில் கரை ஒதுங்கும், அல்லது வலையில் ஏறிவரும். மஞ்சள் நிறமும் மேலே ஓர் எண்ணும் இருந்தால் அது இன்னும் யாருக்கோ தகவல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதைத் திறக்கக்கூடாது, உள்ளே நீர் புகுந்த மின்கலங்களால் வாயு தேங்கி வெடிக்கும் அபாயம் உண்டு. எண்ணைக் குறித்துக்கொண்டு கடல்துறைக்கோ மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கோ தெரிவித்தால் போதும். அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியும்.